துன்பம், அத்துவிதம், விடுதலை: கல்லடி வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாரும் அம்மம்மாமாரும் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பது என் பழக்கம். கொப்பி நிறைந்த பிறகு புரட்டிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வந்தவை பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தருகிறேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆனாலும் பௌத்தத்தைச் சொல்லும் இடத்தில் ஒரு பௌத்தர் வாசித்தாலும் ‘சரி, இதைத்தான் நாங்கள் சொல்கிறோம்’ என்று ஒத்துக்கொள்ளும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

புத்தர் எல்லாமே துன்பம் எண்டுதானே சொன்னவர்? கேட்டாலே மனம் சோர்ந்து போகுது டீச்சர்.

அவர் சொன்ன சொல் பாளியில் ‘துக்க’. அதைத் துன்பம் என்று தமிழாக்கியவுடன் நமக்கு நோயும் சாவும்தான் நினைவுக்கு வருகின்றன. பௌத்த நூல்கள் அதை மூன்றாகப் பிரிக்கின்றன. முதலாவது, நோவும் இழப்புமாகிய நேரடித் துன்பம். இரண்டாவது, இன்பம் மாறிப்போவதால் வருவது. வெளிநாட்டிலிருந்து மகன் வந்து நிற்கும் மூன்று கிழமையும் வீடு நிறைந்திருக்கும். ஆனால் இரண்டாம் கிழமையிலேயே தாய் நாள் எண்ணத் தொடங்கிவிடுவாள். மூன்றாவது நுட்பமானது. ஓட்டைத் தோணியில் போகிறவன் துடுப்புப் போடுவதும் தண்ணீர் இறைப்பதுமாகவே இருப்பான். தோணி தாழவில்லை, யாரும் அழவில்லை. ஆனால் இறைப்பதை நிறுத்தினால் தாழும். உடம்பும் மனமும் இப்படி ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தால்தான் மிதக்கும் என்ற அந்த நிலையையும் புத்தர் துக்கத்தில் சேர்த்தார்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. சாரநாத்தில் ஐந்து பேருக்குச் சொன்ன முதல் போதனையில் துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, முடிவுக்கான வழி என்று நான்கு உண்மைகள் இருக்கின்றன. நாம் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம். மூன்றாவதைக் கேட்டவருக்கு மனம் சோராது.

எங்கட சமயமும் பிறவி துன்பம் எண்டுதான் சொல்லுது. அப்ப ரெண்டும் ஒண்டுதானே?

தொடங்கும் இடம் ஒன்று, காரணம் சொல்லும் இடத்தில் பிரிகிறார்கள். புத்தர் காட்டிய காரணம் தண்ஹா, அதாவது வேட்கை. அதற்கு அடியில் அறியாமை. சங்கரரின் அத்வைதம் சொல்வது அவித்தை: நான் யார் என்பதைப் பிழையாக விளங்கிக்கொண்டது. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களை, அதாவது உயிரைப் பற்றிய அழுக்குகளைச் சொல்கிறது. அவற்றில் ஆணவத்துக்குச் செம்பில் களிம்பு உவமை. யாரும் கொண்டுவந்து பூசியதில்லை, செம்பு இருக்கும்போதே களிம்பும் கூட இருக்கிறது.

காரணம் வேறானால் மருந்தும் வேறு. வேட்கை என்றால் அதை விட்டுப் பழக வேண்டும். பிழையான விளக்கம் என்றால் சரியான அறிவு வேண்டும். உயிரோடு ஒட்டிய மலம் என்றால் உயிர் தன் முயற்சியால் மட்டும் கழற்ற முடியாது, திருவருள் வேண்டும். கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை. ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’ என்ற குறளை மூன்று தரப்பும் மறுக்கமாட்டார்கள். எப்படி நீங்குவது என்பதில்தான் வாதம்.

பௌத்தம் சிங்கள ஆக்கள்ட சமயம். அதை நாங்க ஏன் படிக்க வேணும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வலி எனக்கும் உண்டு. இந்த மாவட்டத்தில் போர்க்காலத்தைக் கண்ட எவரிடமும் அது இருக்கும். அதைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த வலியால் நம் சொத்தொன்றை நாமே கைவிட்டுவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரமும் நாகபட்டினமும் பௌத்தம் தழைத்த தமிழ் ஊர்கள். 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். மணிமேகலை முழுக்க முழுக்கப் பௌத்தக் காப்பியம்.

கோவலன் செத்த பிறகு நொந்து வந்த மாதவிக்கு அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி சொன்னதாக அதில் வரும் வரிகளைப் பாருங்கள்: ‘பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம், பற்றின் வருவது முன்னது, பின்னது அற்றோர் உறுவது.’ முதல் கேள்வியில் சொன்ன நான்கு உண்மைகளும் நாலு வரியில், நம் மொழியில் இருக்கின்றன. இதைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ரெண்டு அம்பு, ரெண்டு அம்பு எண்டு அடிக்கடி சொல்றீங்களே, அது என்ன?

சம்யுத்த நிகாயம் என்ற பாளி பௌத்த நூலில் வரும் உவமை. அறியாதவனுக்கு உடம்பில் நோவு வரும்போது, ஒரு அம்பு தைத்தவனுக்கு இன்னொரு அம்பும் தைத்த மாதிரி ஆகிறது. முதலாவது உடம்பு நோவு. இரண்டாவது அதன்மேல் மனம் எய்வது. அறிந்தவனுக்கும் முதல் அம்பு தைக்கும், இரண்டாவது தைக்காது என்கிறார் புத்தர்.

போன வருடம் முழங்கால் வீக்கத்துக்காகக் கிளினிக் வாங்கில் விடியக்காலையிலிருந்து இருந்தேன். கால் ஒரே அளவாகத்தான் நோகுது. அதன்மேல் வந்தவை வேறு: ‘மாமாங்கத்துக்கும் மண்டூருக்கும் நடந்த காலுக்கு இதுவா கூலி’, ‘நடக்க முடியாமல் போனால் யார் பார்ப்பார்’, ‘எனக்குப் பின்னால் வந்தவ எப்படி முதல் உள்ளே போனா’. ஒரு கட்டத்தில் கண்ணை மூடி, முழங்காலில் உண்மையாக என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்தேன். ஒரு சூடு. சில்லுக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு. அது வந்தது, தணிந்தது, திரும்ப வந்தது. மற்றவை எதுவும் முழங்காலில் இல்லை. சூலை நோயில் துடித்து மீண்ட அப்பர் ‘இன்பமே எந்நாளும் துன்பமில்லை’ என்று பாடியபோது, முதல் அம்பே படவில்லை என்று அவர் சொல்லவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அத்வைதம் எண்டா என்ன? லேசாச் சொல்லித் தாங்க.

த்வைதம் என்றால் இரண்டாயிருத்தல். அ சேர்ந்தால் இரண்டின்மை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி தன் மகன் சுவேதகேதுவிடம் இரவு தண்ணீரில் உப்பைப் போட்டு வைக்கச் சொல்வார். காலையில், ‘அந்த உப்பை எடுத்துத் தா’ என்பார். அவனால் முடியாது. ‘மேலே குடித்துப் பார், நடுவில் குடித்துப் பார், அடியில் குடித்துப் பார்’ என்பார். எங்கும் உப்பு. ‘அதுபோலத்தான், நீ அது’ என்று முடிப்பார். ‘தத்துவமசி’ என்ற இந்த வாக்கியம் அந்த அத்தியாயத்தில் ஒன்பது முறை வருகிறது.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரு சின்னவன் கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, ‘இல்லையே டீச்சர்’ என்றான். ஒரு மிடறு குடித்ததும் முகம் கோணி, ‘முழுக்க இருக்கு’ என்றான். கண்ணால் பிரித்தெடுக்க முடியாதது, சுவைத்தால் எங்கும் இருப்பது. பிரமத்தைப் பற்றி, அதாவது எல்லாவற்றிலும் நிறைந்த மெய்ப்பொருளைப் பற்றி, அந்த முனிவர் சொல்ல வந்தது அவ்வளவும் அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிந்தது.

துன்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், பிருகதாரணியக உபநிடதம் ‘இரண்டாவது ஒன்று இருந்தால்தான் அச்சம் வரும்’ என்கிறது. மம்மல் பொழுதில் கயிற்றைப் பாம்பென்று நினைத்துப் பயந்தவனுக்கு மருந்து எதற்கு? விளக்கைக் கொண்டு போனால் பாம்பும் இல்லை, பயமும் இல்லை. இது அத்வைதிகளின் பிடித்தமான உவமை.

அப்ப கோயில்ல நாங்க கும்பிடுறதுக்குப் பேர் அத்வைதமா?

மாமாங்கேஸ்வரர் கோயிலிலோ கொக்கட்டிச்சோலையிலோ தேவாரம் பாடிக் கும்பிடும் நாம் பெரும்பாலும் சைவ சித்தாந்த மரபினர். சித்தாந்தமும் அத்துவிதம் என்ற சொல்லை வைத்திருக்கிறது, பொருள்தான் வேறு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அவர் மரபில் அத்துவிதம் என்றால் ‘ஒன்று’ என்று பொருளில்லை, ‘இரண்டாகப் பிரிந்து நிற்பதில்லை’ என்று பொருள். உயிரும் சிவமும் எண்ணிக்கையில் இரண்டுதான். ஆனால் பிரிக்க முடியாது.

தமிழ் எழுத்துத் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை. ‘க’ என்ற உயிர்மெய்யில் க் உண்டு, அ உண்டு. எழுத்து ஒன்று, ஓசை ஒன்று. எங்கே க் முடிந்து அ தொடங்குகிறது என்று பேனையால் கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம். திருவருட்பயனில் உமாபதி சிவம் ‘தாடலை’ என்ற உதாரணத்தைத் தருகிறார். தாள், தலை என்ற இரண்டு சொல் புணர்ந்தால் தாடலை. தாள் என்பது இறைவன் திருவடி, தலை என்பது அடியவன் தலை. இரண்டு சொல்லும் இருக்கின்றன, இடைவெளி இல்லை. இலக்கணத்தையே முத்திக்கு உவமையாக்கிய இந்த இடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

இந்த மண்ணில் இரண்டு குரலும் உண்டு. காரைதீவில் 1892-இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் சைவத் தமிழில் வளர்ந்து, விவேகானந்தரின் அத்வைத மரபில் வந்த இராமகிருஷ்ண மிஷனில் துறவியானவர். ஒன்றைப் பிடிக்க மற்றதை உதற வேண்டும் என்று அவர் வாழவில்லை.

ஆன்மா இல்லையெண்டு புத்தர் சொன்னாராம். அப்ப மறுபிறப்பு ஆருக்கு?

இந்துவாகப் பிறந்தவர் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, மனச்செயல்கள், உணர்வு என்ற ஐந்து கந்தங்களைப் புத்தர் ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது மாறுகிறதா? மாறுவது துக்கமா? துக்கமானதை நான், எனது என்று சொல்லலாமா?’ என்று கேட்கிறார். ஐந்திலும் விடை ‘இல்லை’. நிலையான ஒரு ‘நான்’ அகப்படவில்லை.

மறுபிறப்புக்கு, மிலிந்தன் என்ற அரசனின் கேள்விகளைப் பதிவு செய்த பாளி நூலில் நாகசேனர் என்ற துறவி சொல்லும் பதில், ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது. திருக்கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக ஏற்றுகிறோமே, முதல் சுடர் இரண்டாவதுக்குப் போய்விட்டதா? போகவில்லை. தொடர்பே இல்லையா? உண்டு. அதுவுமில்லை, வேறுமில்லை என்கிறார்.

வச்சகோத்தர் என்பவர் புத்தரிடம் நேரே வந்து ‘ஆன்மா உண்டா?’ என்று கேட்டார். புத்தர் பேசவில்லை. ‘அப்படியென்றால் இல்லையா?’ என்றார். அதற்கும் பேசவில்லை. உண்டென்றால் நிலையானதைப் பற்றிக்கொள்வார், இல்லையென்றால் ‘முன்பிருந்த நான் இப்போது இல்லாமல் போனேனே’ என்று குழம்புவார் என்று பிறகு தன் சீடர் ஆனந்தருக்கு விளக்கினார். ஆகவே ‘புத்தர் ஆன்மாவை மறுத்தார்’ என்று ஒரே வரியில் பரீட்சை விடை எழுதும் பிள்ளைக்கு நான் பாதிப் புள்ளிதான் போடுவேன்.

பௌத்தத்திலயும் அத்வைதம் இருக்கெண்டு யூடியூப்ல ஒருத்தர் சொன்னார். உண்மையா?

எந்தப் பௌத்தம் என்று கேட்க வேண்டும். நம் நாட்டிலுள்ள தேரவாதத்தில் சம்சாரம் வேறு, நிப்பானம் (நிர்வாணத்துக்குப் பாளிச் சொல்) வேறு. பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தில்தான் இரண்டின்மைப் பேச்சு வலுவாக வருகிறது. சுமார் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகார்ஜுனர், சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் இம்மியும் வேறுபாடில்லை என்றார். எதுவும் தன்னால் தானாக நிற்கவில்லை, எல்லாம் ஒன்றைச் சார்ந்து ஒன்று, அதனால் எல்லாம் சூனியம் என்பது அவர் வாதம். சங்கரரின் குருவுக்குக் குருவாகச் சொல்லப்படும் கௌடபாதர் பௌத்தச் சொற்களைத் தாராளமாகக் கையாண்டார். சங்கரரையே எதிர்த்தரப்பினர் ‘மறைந்து நிற்கும் பௌத்தர்’ என்று தாக்கினார்கள். சங்கரரோ பிரமசூத்திர உரையில் பௌத்தர்களை மறுத்தவர்.

வித்தியாசத்தை ஒரு வீச்சு வலையை வைத்துச் சொல்கிறேன். வலை என்பது முடிச்சுகளும் ஓட்டைகளும்தான். சங்கரர், ‘முடிச்சு, ஓட்டை, வலை எல்லாம் வெறும் பெயர், நூல் ஒன்றே உண்மை’ என்பார். நாகார்ஜுனர் அந்த நூலையும் கையில் எடுத்து முறுக்கைப் பிரிப்பார். உள்ளே இழை. இழைக்குள் இன்னும் மெல்லிய இழை. ‘கடைசி நூல் என்று ஒன்றை எனக்குக் காட்டு’ என்பார். சூனியம் என்பதையும் ஒரு பொருளாகப் பிடிக்காதே என்று எச்சரிப்பார். சங்கரருக்கு அடியில் பிரமம் இருக்கிறது, நாகார்ஜுனருக்கு அடி என்ற ஒன்றே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் வலையைப் பிரிக்கிறார்கள். அதனால்தான் அந்த யூடியூப்காரருக்கு ஒன்றாகத் தெரிகிறது.

நிர்வாணம், முத்தி, மோட்சம் எல்லாம் ஒரே இடம்தானே?

மேலே சொன்னதைப் பார்த்தால் ஒன்றென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்வைத மோட்சத்தில் புதிதாக எங்கும் போவதில்லை, என்றும் இருந்ததை அறிவது. சித்தாந்த முத்தியில் உயிர் அழியாமல் திருவடியின்பத்தில் அழுந்தி இருக்கும். நிப்பானம் என்ற சொல்லுக்கு அணைதல் என்று பொருள். அணைந்த நெருப்பு கிழக்கே போனதா மேற்கே போனதா என்று கேட்பது எப்படிப் பொருந்தாதோ, விடுதலை பெற்றவர் எங்கே போனார் என்பதும் அப்படிப் பொருந்தாது என்று, முன்பு சொன்ன அதே வச்சகோத்தருக்குப் புத்தர் சொன்னார்.

பாளியில் விடுதலை பெற்றவரை ‘சீதிபூத’ என்பார்கள், குளிர்ந்தவர் என்று அர்த்தம். இதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. வைகாசிச் சடங்கில் செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் நாம் கண்ணகி அம்மனுக்குச் செய்வது குளிர்த்தி. மதுரையை எரித்து வந்தவளைப் பாட்டுப் பாடித் தண்ணீர் தெளித்துக் குளிரப் பண்ணுகிறோம். அதே வைகாசிப் பௌர்ணமிதான் வெசாக். அதே கண்ணகியைச் சிங்களவர் பத்தினி என்று கும்பிடுகிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் வாதிடவில்லை. வெக்கை நாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் துன்பத்தின் முடிவு குளிர்ச்சியாகத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாம் மாயையெண்டா பிறகு வேலைக்குப் போறது எதுக்கு?

சங்கரர் மாயை என்றது ‘இல்லாதது’ என்ற பொருளில் இல்லை. உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லாதது என்றும் சொல்ல முடியாது என்பதே அவர் தரும் இலக்கணம். உலக நடப்பு அளவில் சோறும் சம்பளமும் கடமையும் உண்மைதான். சித்தாந்தத்தில் மாயை உண்மையாகவே இருக்கும் பொருள். விடியும்வரை உதவும் விளக்கு என்று திருவருட்பயன் சொல்கிறது. விளக்கை வைத்துக்கொண்டு செய்யும் வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

தியானம் பழக வேணுமா, கும்பிட்டாப் போதுமா?

காரணத்துக்கு ஏற்ற மருந்து என்று இரண்டாம் கேள்வியில் சொன்னேன். உங்கள் மருந்து எதுவோ அதை விடாமல் எடுங்கள். கிளினிக் வாங்கில் நான் செய்தது தியானமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அன்று காலையில் பாடிய திருவாசகம்தான் மனதை அங்கே இருத்தியது.

எல்லாம் கன்மம் எண்டா, சுனாமியில செத்தவங்க எல்லாரும் பாவம் செய்தவங்களா?

இல்லை. இப்படிப் பேசுபவரை நான் வகுப்பில் நிறுத்திவிடுவேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த நாவலடியில் தொட்டில் பிள்ளையும் போனது, கோயில் ஐயாவும் போனார். பிறகு ஆறுதல் சொல்ல வந்த சிலர் ‘அவங்கட கன்மம்’ என்றார்கள். இரண்டு அம்பு பற்றி மேலே சொன்னேனே, பிறர் நெஞ்சில் நம் கையாலேயே எய்யும் இரண்டாம் அம்பு அது.

நூல்களும் அந்தப் பேச்சுக்குத் துணை நிற்கவில்லை. சீவகர் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, மனிதர் நுகரும் எல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே என்று கேட்டபோது, புத்தர் பித்தம், சளி, வாயு, இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், வினை என்று எட்டுக் காரணங்களை அடுக்கினார். வினை அதில் ஒன்று. எல்லாவற்றையும் முன்வினையில் போடுபவர்கள், தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்றார். சைவத்தில் கன்மம் மூன்று மலங்களில் ஒன்றாக, ஒருவன் தன் வாழ்வைத் தானே பார்த்துத் திருந்துவதற்குச் சொல்லப்பட்டது. அடுத்த வீட்டுச் சாவுக்குத் தீர்ப்பெழுதும் அதிகாரத்தை அது யாருக்கும் கொடுக்கவில்லை.

எல்லாம் ஒண்டு, செத்தவங்க எங்கயும் போகல்ல எண்டு சொல்றாங்க. அப்ப நான் ஏன் புள்ள அழுறன்? அழுறது அறியாமையா?

கடலில் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய் கேட்டது. கொப்பியில் இதை எழுதிய பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறேன், பதில் எழுதவில்லை.

செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த கிசாகோதமியிடம் புத்தர் அநித்தியம் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். அவள் வீடு வீடாகப் போய்த் தானே அறிந்து வந்தாள். புத்தர் பரிநிர்வாணம் அடையும் வேளையில், இருபத்தைந்து வருடம் கூடவே இருந்த ஆனந்தர் கதவு நிலையில் சாய்ந்து அழுதார். புத்தர் அவரைக் கூப்பிட்டு, பிரிவு இயல்பு என்று நினைவூட்டி, அவர் அன்போடு செய்த பணிவிடையை எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். நம் பக்கத்தில் மாணிக்கவாசகர் ‘யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய், ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே’ என்கிறார். தன்னுடையது என்று சொன்ன எல்லாவற்றையும் பொய்யென்று கழித்த பிறகும் அழுகையை மட்டும் அவர் மிச்சம் வைத்திருக்கிறார். அத்துவிதம் ஒருவர் தனக்குள் கண்டு தெளிய வேண்டியது. அழுதுகொண்டிருப்பவரின் வாயை மூட அதைக் கொண்டுபோகக் கூடாது.

அன்று அந்த அம்மாவிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். பிறகு அவனுக்குப் பால்புட்டு எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னார், முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப்பிடித்ததைச் சொன்னார். வகுப்பறையை நான் பூட்டும்போது இருட்டிவிட்டது.